மலாக்காவுக்கு ஓர் ஆற்றுப்படை

வழி காட்டுதல் தமிழர்க்குத் தொழில் மட்டுமன்று. இலக்கியத் துறையும் ஆகும். தொல்காப்பியர் ஆற்றுப்படையைப் புறத்திணையியலில் வைத்து இலக்கணம் கூறினார். பத்துப்பாட்டில் திருமுருகாற்றுப்படை, பொருநராற்றுப்படை, சிறுபாணாற்றுப்படை, பெரும்பாணாற்றுப்படை, கூத்தராற்றுப்படை எனப் பெயர்பெறும் மலைபடுகடாம் ஆகிய ஐந்தும் இத்துறையைச் சார்ந்தவை. பத்தில் ஐந்து என்றால், பண்டைத் தமிழர் இக்கலைக்குத் தந்த இடம் எத்தகையது என்பது தெளிவு.

அந்நூல்களைப் பயில்வோர் மூன்று இயல்புகளை அவற்றில் காண்பர். முதலாவது, வழி கூறுகின்றவன் அவ்வழியே நடந்து சென்று மீண்டவன். பிறர் சொல்லக் கேட்டதைச் சொல்பவன் அல்லன். இரண்டாவது, அவன் அரண்மனை வாயிலை மட்டும் காட்டி அமையான். இடைவழியில் வாழும் மக்களையும் காட்டுவான். பெரும்பாணாற்றுப்படையில் இளந்திரையனின் காஞ்சியை அடையுமுன் உப்பு வணிகர், எயினர், ஆயர், உழவர், வலைஞர் எனப் பலருடைய குடியிருப்புகளையும், அவர்கள் உண்ணும் உணவையும் காண நேர்கின்றது. மூன்றாவது, வழியின் நன்மையோடு இடரும் கூறப்படும். நன்னனிடம் செல்லும் கூத்தனுக்கு மலைவழியின் ஏதங்களை எடுத்துரைப்பதற்கென்றே மலைபடுகடாம் பல அடிகளைச் செலவிடுகின்றது.

நடந்தறிந்த உண்மை, இடைவழி மக்கள், இடர் கூறும் நேர்மை என்னும் இம்மூன்றையும் அளவுகோலாகக் கொண்டு இன்று மலாக்காவில் வழங்கும் ஒருவகை உரையை ஆராய்தல் தகும். கடல்வழிச் சுற்றுலாக் கப்பல்களில் வந்திறங்கும் பயணியர்க்கு, ஆங்கிலேயர் ஆட்சியின் சின்னங்களைக் காட்டி வழிகாட்டிகள் நிகழ்த்தும் உரையே அது. அச்சேறாத உரை ஆயினும், ஏட்டில் உள்ள பல நூல்களைக் காட்டிலும் மிகுதியான செவிகளை அடைவது. ஆதலின் திறனாய்வுக்கு உரியது.

கப்பலும் காலமும்

மலாக்காவின் கரையோரக் கடல் ஆழம் குறைந்தது. பெரிய கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட, பயணியர் சிறு படகுகளில் கரை சேர்வர். இன்னும் பெரிய கப்பல்கள் கிள்ளான் துறைமுகத்தில் நிற்கும். அங்கிருந்து பேருந்திலோ வாடகை வண்டியிலோ மலாக்கா வந்து போவோர் உண்டு. எவ்வழியில் வந்தாலும் மாலைக்குள் கப்பலுக்கு மீளவேண்டும். கப்பல் நிறுவனம் ஏற்பாடு செய்யும் கூட்டத்தோடு செல்ல விரும்பாதவர், தனி வழிகாட்டியை அமர்த்திக்கொள்வர். நால்வரோ அறுவரோ கொண்ட சிறு குழு, விரும்பிய இடம், விரும்பிய கேள்வி. இதுவே தனிச் சுற்றுலாவின் சிறப்பு.

மலேசியாவில் வழிகாட்டித் தொழிலுக்கு 1992-ஆம் ஆண்டின் சுற்றுலாத் தொழிற் சட்டத்தின்படி உரிமம் வேண்டும். பயிற்சியும் தேர்வும் உண்டு. ஆகவே வழிகாட்டிகள் ஒன்றும் அறியாதவர் அல்லர். ஆண்டுகளையும் பெயர்களையும் அவர்கள் பெரும்பாலும் பிழையின்றியே கூறுகின்றனர். 1511-இல் போர்த்துகீசியர், 1641-இல் டச்சுக்காரர், 1795-இல் ஆங்கிலேயர் என ஆட்சி மாறிய வரிசை ஒழுங்காகச் சொல்லப்படுகின்றது. நகர மண்டபமாகிய ஸ்டாட்ஹைஸும், 1753-இல் நிறைவுற்ற கிறிஸ்து ஆலயமும் டச்சுக்காரர் கட்டியவை. அவ்வாலயம் 1838-இல் ஆங்கிலத் திருச்சபைக்கு உரியதாயிற்று. சதுக்கத்தில் உள்ள நீரூற்று விக்டோரியா அரசியாரின் நினைவாக எழுப்பப்பட்டது. இவையெல்லாம் சரியே.

அங்ஙனமாயின் குறை யாது? கொடி மாறிய கதை இருக்கின்றது. குடிகளின் கதை இல்லை. கட்ட ஆணையிட்டவன் பெயர் இருக்கின்றது. கல் சுமந்தவன், காவல் நின்றவன், கணக்கெழுதியவன், கண்டு எழுதியவன் ஆகியோர் இல்லை. ஆங்கிலேயர் மலாக்காவில் தமிழர்க்கிருந்த பங்கு, சுற்றுலா செல்லும் அதே தெருக்களிலேயே கண்முன் நிற்கின்றது. எனினும் உரை அதனைத் தாண்டிச் சென்றுவிடுகின்றது. இக்கூற்றை இடம் இடமாக நிறுவுதல் வேண்டும்.

இடித்தவரும் எழுதியவரும்

பயணியர் கூட்டம் தவறாமல் நிற்கும் இடம் சாந்தியாகோ வாயில். அல்புகெர்க் எழுப்பிய கோட்டையில் எஞ்சியிருப்பது அது. வாயிலின் மேல் டச்சுக்காரர் பொறித்த 1670 என்னும் ஆண்டு இன்றும் தெரிகின்றது. கோட்டையை இடித்தவர் ஆங்கிலேயர். 1807-இல், பார்க்குவார் என்பவர் ஆட்சிப் பொறுப்பில் இருந்தபோது, வெடிமருந்து வைத்துத் தகர்க்கப்பட்டது. மலாக்கா மீண்டும் டச்சுக்காரர் கைக்குச் சென்றால் கோட்டை பகைவர்க்குப் பயன்படும். நகரம் தழைத்திருந்தால் பினாங்குக்கு ஊறு. இவையே கம்பெனியாரின் எண்ணம். அடுத்த ஆண்டில் இங்கு வந்த ராபிள்ஸ், மலாக்காவைக் கைவிடலாகாது என்று மேலிடத்துக்கு எழுதினார். வாயிலைக் காத்தவர் ராபிள்ஸ் என்னும் ஒரு வரியோடு உரை பெரும்பாலும் முடிந்துவிடும்.

அக்காட்சியைக் கண்டு எழுதிய மலாக்காச் சிறுவன் ஒருவன் உண்டு. பின்னாளில் முன்ஷி அப்துல்லா எனப் புகழ்பெற்றவர் அவரே. கம்போங் பாலியில் பிறந்து, 1854-இல் மறைந்தவர். 1849-இல் வெளிவந்த அவருடைய வாழ்க்கை வரலாறாகிய 'ஹிகாயத் அப்துல்லா', புதிய மலாய் உரைநடைக்குத் தொடக்கம் என்று போற்றப்படுகின்றது. கோட்டையில் பேய்கள் குடியிருப்பதாக மக்கள் அஞ்சியதும், அகழ்ந்து இடிக்க முயன்றவர் தளர்ந்ததும், பின் வெடிமருந்து வைத்தபோது பெருங்கற்கள் மேலெழுந்து வீழ்ந்ததும், அதன்பின் நகரம் பொலிவிழந்ததும் அந்நூலில் விரிவாக உள்ளன. ஆங்கிலேயர் செய்த ஒரு செயலை அவ்வூரார் எவ்வாறு கண்டனர் என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று வேறில்லை.

இவ்வப்துல்லாவின் குலவரலாற்றைத் தமிழாசிரியர் அறிதல் நன்று. ஏமன் நாட்டிலிருந்து வந்த முன்னோர் ஒருவர் நாகூரில் தங்கி அங்கேயே மணம் புரிந்தார். அவர் வழியினர் மலாக்கா வந்தனர். அரபுக் குருதியும் தமிழ்க் குருதியும் கலந்த குடும்பம் அது. சிறுவயதில் அவரைத் தந்தையார் தமிழ் கற்க அனுப்பினார். ஏன்? மலாக்காவின் வசதிபடைத்த குடும்பத்துப் பிள்ளைகள் தமிழ் கற்பது வழக்கம் என்றும், கணக்குக்கும் வாணிகத்துக்கும் அம்மொழி வேண்டியிருந்தது என்றும் அவரே காரணம் கூறியுள்ளார். தமிழ் அன்று மலாக்காவில் வீட்டு மொழி மட்டுமன்று. கடைவீதியின் கணக்கு மொழி. 'முன்ஷி' என்ற பட்டப்பெயரும் ஆங்கிலேயர் தந்ததன்று. கோட்டையில் இருந்த இந்தியச் சிப்பாய்கள் அவரிடம் பாடம் கேட்டு அழைத்த பெயர். அவர் ராபிள்ஸுக்கு எழுத்தராய் இருந்தார். மில்னும் மாரிசனும் 1818-இல் நிறுவிய ஆங்கிலோ-சீனக் கல்லூரியில் பாதிரிமார்க்கு மலாய் கற்பித்தார். பஞ்சதந்திரக் கதைகளைத் தமிழிலிருந்து மலாய்க்குப் பெயர்த்தார்.

ஆங்கிலேயர்க்கு மலாக்காவைக் காட்டிய முதல் வழிகாட்டிகளுள் ஒருவர் தமிழறிந்த இவரே என்பது மிகையன்று. இன்றைய வழிகாட்டி வாயிலின் நிழலில் நின்று இவர் பெயரை ஒருமுறை சொன்னால், இடித்தவன் கதை கண்டவன் கதையாகவும் ஆகும். அதற்கு வேண்டிய நேரம் இரண்டு நிமிடம்.

பெயருள்ள கல்லும் பெயரில்லாப் படையும்

குன்றின் அடியில் டச்சுக் கல்லறைத் தோட்டம் என வழங்கும் இடம் உள்ளது. பெயர் டச்சு; உள்ளே உறங்குவோரில் பெரும்பாலோர் ஆங்கிலேயர். டச்சுக்காரர் கல்லறை 5. ஆங்கிலேயர் கல்லறை 33. இங்கிலாந்திலிருந்து வந்த பயணியர் குனிந்து நின்று பெயர்களைப் படிப்பது இங்கேதான். நானிங் போரில் மாண்ட ஆங்கில அதிகாரிகளின் கல்லறைகளும் அவற்றுள் உண்டு.

நானிங் போர் 1831-32-இல் நிகழ்ந்தது. விளைச்சலில் பத்தில் ஒரு பங்கை வரியாகக் கேட்டது கம்பெனி. நானிங்கின் பெங்குலு டோல் சைட் மறுத்தார். 1831-இல் முதலில் அனுப்பப்பட்ட சிறுபடை தோற்று மீண்டது. மறு ஆண்டில் பெரும்படை சென்று நானிங்கை வென்றது. அப்படைகளில் ஆயுதம் ஏந்தி முன்சென்றவர் யார்? சென்னைக் காலாட்படையின் சிப்பாய்கள். 1795-இல் டச்சுக்காரரிடமிருந்து மலாக்காவைக் கைப்பற்றிய படையும் சென்னையிலிருந்தே கப்பலேறி வந்தது. தமிழரும் தெலுங்கரும் முஸ்லிம்களும் அடங்கிய படை அது. அதிகாரிக்குக் கல் இருக்கின்றது. கல்லில் பெயரும் வயதும் இருக்கின்றன. அவனோடு காட்டில் விழுந்த சிப்பாய்க்குக் கல்லும் இல்லை, பெயரும் இல்லை.

இக்கல்லறைத் தோட்டத்தில் நிற்கும் வழிகாட்டி, கல்லில் உள்ளதை மட்டும் படித்துக் காட்டினால் அது வாசிப்பு. கல்லில் இல்லாததையும் சேர்த்துச் சொன்னால்தான் வழிகாட்டல். நடுகல்லில் வீரன் பெயரையும் பீடையும் எழுதி மாலை சூட்டிய மரபு தமிழருடையது. சங்கப் பாடல்கள் அதற்குச் சான்று. அம்மரபில் வந்த சிப்பாய், அயல்நாட்டு மண்ணில் நடுகல்லும் இன்றிக் கிடக்கின்றான் என்பதைப் பயணியர்க்குச் சொல்வதில் பகைமை ஏதுமில்லை. ஆங்கிலப் பயணியும் அதனை மரியாதையோடு கேட்பார். தம் நாட்டுப் போர்வீரன் கல்லறையைக் காண வந்தவர்க்கு மற்றொரு போர்வீரனின் துயர் விளங்காமற் போகாது.

மற்றொரு செய்தியும் உண்டு. 1826-இல் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் மூன்றும் நீரிணைக் குடியேற்றங்கள் என்னும் ஒரே ஆட்சியின்கீழ் வந்தன. 1867 வரை அவ்வாட்சி இந்தியாவிலிருந்த அரசாங்கத்துக்கே கட்டுப்பட்டது. இந்தியாவிலிருந்து கடத்தப்பட்ட கைதிகள் இம்மூன்று ஊர்களிலும் சாலை போட்டனர், கட்டடம் எழுப்பினர். 1873-இல்தான் அம்முறை முற்றும் ஒழிந்தது. 'ஆங்கிலேயர் போட்ட சாலை' என்னும் தொடரில் போட்டவர் யார் என்று ஒருமுறை கேட்டுப் பார்த்தல் நன்று.

நீரூற்றும் பால்மரமும்

சதுக்கத்தின் நடுவே விக்டோரியா நீரூற்று நிற்கின்றது. 1837 முதல் 1901 வரை ஆண்ட அரசிக்கு மலாக்கா மக்கள் எழுப்பிய நினைவுச் சின்னம். படம் எடுத்துக்கொள்ள ஏற்ற இடம். திரிஷா வண்டிகள் அதன் அருகிலேயே நிற்கும்.

அவ்வரசியின் ஆட்சி முடியும் நாட்களில் மலாக்காவின் உள்நாட்டில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதை அறிந்தால் நீரூற்றின் பொருள் விரியும். 1890-களில் டான் சாய் யான் என்னும் சீனச் செல்வர் புக்கிட் லிந்தாங்கிலும், பின் புக்கிட் அசகானிலும் ரப்பர் பயிரிட்டார். மலாயாவில் வணிக நோக்கோடு ரப்பர் பயிரிட்டவர்களுள் அவரே முன்னோடி. சில ஆண்டுகளில் இலண்டன் கம்பெனிகளின் முதல் மலாக்காவுக்குள் பாய்ந்தது. ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா வட்டாரங்களில் காடு அழிந்து தோட்டம் எழுந்தது. ஜாசின் வட்டாரத் தோட்டம் ஒன்றுக்கு டயமண்ட் ஜூபிலி, அதாவது வைரவிழா, என்றே பெயர். அரசியின் புகழ் நகரில் நீரூற்றாக நின்றது. வைரவிழா என்னும் சொல் நாட்டுப்புறத்தில் தோட்டத்தின் பெயராக நின்றது. முன்னதைப் பயணியர் காண்கின்றனர். பின்னதைக் காட்டுவார் இல்லை.

அத்தோட்டங்களில் மரம் சீவியவர் தமிழர். ஒப்பந்த முறையிலும் கங்காணி முறையிலும் வந்தவர்கள். ஒப்பந்த முறை 1910-இல் ஒழிக்கப்பட்டது. உதவி பெற்று வரும் தொழிலாளர் குடியேற்றத்தை இந்திய அரசு 1938-இல் நிறுத்தியது. இடைப்பட்ட காலத்தில் பெரட்டுக்கு எழுந்து, இருள் பிரியுமுன் காட்டுக்குள் நுழைந்து, வாளியில் பால் சுமந்த கைகளே ஆங்கிலேயர் மலாக்காவின் செல்வத்தை ஆக்கின. 1912-இல் கட்டப்பட்ட மலாக்கா மன்றத்தில் துரைமார் மாலைப் பொழுதைக் கழித்தனர். அக்கட்டடமே 1985 முதல் விடுதலைப் பிரகடன நினைவகமாக விளங்குகின்றது. விடுதலை நாளைத் துங்கு அப்துல் ரஹ்மான் 1956 பிப்ரவரி 20-இல் அறிவித்த திடல் அதற்கு அருகிலேயே உள்ளது. சுற்றுலாக் குழு இம்மன்றத்தின் முன் நிற்கும்போது, மன்றத்தின் வெண்ணிறச் சுவரையும் குவிமாடத்தையும் பற்றிக் கேட்கின்றது. அச்சுவருக்கும் புக்கிட் லிந்தாங்கின் பால்மரத்துக்கும் உள்ள உறவைக் கேட்பதில்லை. பெரும்பாணாற்றுப்படைப் புலவர் இவ்வழியே வந்திருப்பின், மன்றத்தை அடையுமுன் லயத்து வீட்டில் ஒருவேளை உண்ணச் சொல்லியிருப்பார்.

ஆற்றைக் கடந்தால்

சதுக்கத்திலிருந்து பாலத்தைக் கடந்தால் ஜோங்கர் தெரு. அங்கே குழுவுக்குப் பொருள் வாங்க ஓய்வு தரப்படும். அதற்கு அண்மையில் ஒருங்கே செல்லும் பொற்கொல்லர் தெருவில்தான் ஸ்ரீ பொய்யாத விநாயகமூர்த்தி ஆலயம் இருக்கின்றது. டச்சு ஆட்சியினர் தந்த நிலத்தில், மலாக்காச் செட்டிகளின் தலைவர் தெய்வநாயகம் செட்டியின் காலத்தில், 1781-இல் எழுந்த கோயில் அது. ஆங்கிலேயர் இவ்வூரில் கால் வைப்பதற்கு 14 ஆண்டுகளுக்கு முற்பட்டது. அருகிலேயே 1748-இல் தோன்றிய கம்போங் கிளிங் பள்ளிவாசல்; இந்திய முஸ்லிம் வணிகர் எழுப்பியது. அதனுள்ளே விக்டோரியா காலத்துச் சரவிளக்கு ஒன்று தொங்குகின்றது. ஆங்கிலச் சின்னம் தேடி வந்தவர் காண வேண்டிய அரிய சின்னம் அதுவன்றோ? அடுத்து செங் ஹூன் தெங் சீனக் கோயில். மூன்றும் ஒரு தெருவின் தொடர்ச்சி.

காஜா பெராங்கில் மலாக்காச் செட்டிகளின் சிற்றூர் உள்ளது. போர்த்துகீசியர் வருவதற்கு முன்பே வந்த வணிகர்களின் வழித்தோன்றல்கள் அவர்கள். வீட்டில் பேசுவது மலாய். நெற்றியில் இடுவது திருநீறு. அவ்வூரின் முத்து மாரியம்மன் கோயில் 1822-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. மொழி போனபின்னும் வழிபாடு நிலைக்கும் என்பதற்கும், வழிபாடு நிலைத்தாலும் மொழி போகும் என்பதற்கும் ஒருசேரச் சான்றாகும் ஊர் அது. தமிழாசிரியர்க்கு அதில் ஆறுதலும் உண்டு, அச்சமும் உண்டு.

2008 சூலையில் மலாக்காவும் ஜார்ஜ் டவுனும் உலக மரபுடைமைப் பட்டியலில் சேர்ந்தன. பட்டியலில் சேர்ந்தமைக்குக் காரணம் ஒரு நாட்டார் கட்டிய கட்டடங்கள் அல்ல. பல இனத்தார் நெடுங்காலம் கலந்து வாழ்ந்த வாழ்வு. அவ்வாறிருக்க, பாலத்தின் ஒருபுறம் வரலாறு, மறுபுறம் கடைத்தெரு எனப் பிரிக்கும் உரை, பட்டியலின் கருத்துக்கே முரணானது.

தடையும் விடையும்

இதற்கு மறுப்புக் கூறுவாரும் உளர். பயணியர்க்கு இருப்பது சில மணி நேரம். அவர்கள் காண விரும்புவது தம் முன்னோர் விட்டுச் சென்றதை. காசு கொடுப்பவர் கேட்பதைத்தானே வழிகாட்டி சொல்லவேண்டும் என்பர். இக்கூற்றில் நியாயம் இல்லாமல் இல்லை. வழிகாட்டி பேராசிரியர் அல்லர். வெயிலும் கூட்டமும் கப்பற் சங்கின் நேரமும் அவரை நெருக்குகின்றன. தமிழர் தெருவைத் தாமே விரும்பிக் காட்டும் வழிகாட்டிகளும் இருக்கின்றனர். அவர்கள் பாராட்டுக்குரியர். மேலும் இங்கே கேட்கப்படுவது புதிய இடங்கள் அல்ல. நிற்கும் இடத்திலேயே சேர்க்கவேண்டிய சில வரிகள். வாயிலில் அப்துல்லா, கல்லறையில் சிப்பாய், நீரூற்றில் பால்மரம். மூன்று இடத்துக்கும் சேர்த்துப் பத்து நிமிடம் போதும். நேரக் குறைவு ஒரு காரணம் ஆகலாம். முழுக் காரணம் ஆகாது.

முழுக் காரணம் வேறு. வழிகாட்டிக்கு வேண்டிய உரையைத் தமிழர் எழுதிக் கொடுக்கவில்லை. போர்த்துகீசியர்க்கும் டச்சுக்காரர்க்கும் ஆங்கிலேயர்க்கும் ஆவணமும் நூலும் கையேடும் உள்ளன. தமிழர்க்கு உள்ளவை கோயில் மலர்களும், பள்ளி ஆண்டு மலர்களும், முதியோர் நினைவும். அவை தமிழில் இருக்கின்றன, பெட்டியில் இருக்கின்றன. கையில் கிடைத்ததைக் கொண்டுதான் வழிகாட்டி பேசுவார். கையில் கிடைக்கச் செய்யாதவர், பேசவில்லை என்று வருந்துவதில் பயன் என்ன?

கூறவேண்டிய இடர்

எழுதப் புகுவார்க்கு ஓர் எச்சரிக்கையும் தேவை. விடுபட்டதைச் சேர்ப்பது ஒன்று. இல்லாததைச் சேர்ப்பது மற்றொன்று. மலாக்காவின் பெருமை அனைத்தும் தமிழர்க்கே உரியது என்று மேடையில் முழங்கும் வழக்கம் உண்டு. சான்றில்லாப் பெருமை, சான்றுள்ள பெருமையையும் கெடுக்கும். ஒரு பொய்யைக் கண்ட பயணி, பின் கேட்கும் பத்து மெய்யையும் ஐயுறுவார்.

பெருமை தராத செய்திகளையும் மறைத்தல் ஆகாது. போர்த்துகீசியர் 'நினா சட்டு' என்று எழுதிவைத்த வணிகர், அவர்களுக்குத் துணைநின்று, 1511-க்குப் பின் பதவியும் பெற்றார். பின்னர் அப்பதவி பறிபோன மானக்கேட்டால் 1514-இல் தீப்பாய்ந்தார். நானிங்குக்குச் சென்ற சிப்பாய், கல்லற்றுப் போன வீரன் மட்டும் அல்லன். தன் வயலின் விளைவைக் காக்க நின்ற மலாய் உழவன்மேல் கம்பெனிக்காகத் துப்பாக்கி ஏந்தியவனும் அவனே. இரண்டையும் சேர்த்துச் சொல்லும் உரையே உண்மையுரை. ஆங்கிலேயரிடம் நேர்மை வேண்டுவோர், தம்மிடமும் அதனை வேண்டுதல் முறை. மலைவழியின் பாம்பையும் வழுக்குப் பாறையையும் சொல்லாத கூத்தராற்றுப்படை உண்டா?

யாருக்காக?

கப்பற் பயணி மறுநாள் வேறு துறைமுகத்தில் வேறு கதை கேட்பார். அவர் பொருட்டு மட்டும் இத்துணைக் கவலை வேண்டுவதில்லை. அவருக்குச் சொல்லப்படும் உரை அவரோடு கப்பலேறிப் போய்விடுவதும் இல்லை. அது கையேடாகின்றது, பலகையாகின்றது, பள்ளிச் சுற்றுலாவில் ஆசிரியர் சொல்லும் பாடமாகின்றது. ஜாசினிலிருந்தும் மெர்லிமாவிலிருந்தும் வாடகைப் பேருந்தில் வரும் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள், அதே வாயிலின் முன் நின்று, அதே வரிகளைத்தான் கேட்கின்றனர். தோட்டங்கள் துண்டாடப்பட்டும், எண்ணெய்ப்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறியும் போனபின், அவர்கள் பெற்றோர் நகரோரத்துக்குக் குடிபெயர்ந்தவர்கள். லயமும் கோயில் மேடும் கண்ணுக்கு மறைந்துவிட்டன. நகரத்தின் கதையிலும் தமக்கு இடமில்லை என்று அப்பிள்ளைகள் எண்ணினால், இந்நாட்டில் அவர்கள் கப்பலில் வந்த பயணியரைப் போலவே ஆகிவிடுவர். பயணிக்கு மாலையில் ஏறிச்செல்லக் கப்பல் உண்டு. பிள்ளைக்கு இவ்வூரே ஊர்.

ஆகவே செயல் தமிழ்ப்பள்ளியிலிருந்து தொடங்கலாம். ஆற்றுப்படை கற்பிக்கும் ஆசிரியர், இலக்கணத்தைச் சொல்லி அமையாது, மாணவரைக்கொண்டு மலாக்காவுக்கு ஓர் ஆற்றுப்படை எழுதச் செய்யலாம். ஆசிரியப்பா வேண்டுவதில்லை, உரைநடை போதும். விதிகள் மூன்றே: தாம் நடந்து கண்ட இடமாக இருத்தல் வேண்டும், அவ்விடத்தில் உழைத்தவர் ஒருவரேனும் அதில் வருதல் வேண்டும், சொல்வதற்குச் சான்று இருத்தல் வேண்டும். தாத்தா பாட்டி சொன்னதாயின், அவர் சொன்னார் என்று எழுதுதல் வேண்டும். நன்றாக அமைந்தவற்றை மலாயிலும் ஆங்கிலத்திலும் பெயர்த்து, உரிமம் பெற்ற வழிகாட்டிகளிடம் ஒரு சிறு தாளாக அளிக்கலாம். விரும்புவோர் ஏற்பர்.

அத்தாளில் கல்லறைத் தோட்டத்துக்கு உரிய பகுதி இவ்வளவு சிறிதாக இருக்கலாம்: "இங்கே பெயர் உடையோர் அதிகாரிகள். 1831-32-இல் இவர்களோடு நானிங்குக்குச் சென்றவர் சென்னையிலிருந்து வந்த சிப்பாய்கள். அவர்களுள் மாண்டவர்க்கு இங்குக் கல் இல்லை. அவர்கள் போரிட்டது, வரி கொடுக்க மறுத்த உழவர்களோடு. மூவரையும் நினைத்துக்கொண்டு அடுத்த இடத்துக்குச் செல்லுங்கள்." இதில் புகழ்ச்சி இல்லை, பழி இல்லை, உண்மை உண்டு. படிக்க அரை நிமிடம் ஆகும். கப்பல் அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.